பலகைக்குள் அடங்காத நெல்

எட்டாவது கட்டத்திலேயே நெல் வழிந்து பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது. அந்தக் கட்டத்துக்கு 128 மணிகள். அடுத்ததற்கு 256 வேண்டும். "அக்கா, இனிப் பலகையில ஏலாது" என்று பையன் கையை விரித்தான்.

சென்ற வருடம் மாசி மாதம், துணுக்காயில் ஒரு வீட்டு முற்றம். காலபோக நெல் படங்கில் காய்ந்துகொண்டிருந்தது. என் வாப்பா வவுனியாவிலுள்ள ஓர் ஆலைக்கு நெல் வாங்கிக் கொடுப்பவர். அறுவடைக் காலத்தில் ஏ9 வீதியால் மாங்குளம் வரை போய், இடப்பக்கம் திரும்பி மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் லொறியைக் கொண்டு போவார். வவுனிக்குளத்து வாய்க்கால் பாயும் வயல்கள் அங்கே நிறைய. பாடசாலை விடுமுறை என்பதால் என்னையும் கூட்டிப் போயிருந்தார். மூட்டை நிறுக்கும்போது கொப்பியில் எழுதுவது என் வேலை. க.பொ.த. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிப்பவளுக்கு அது பெரிய வேலையல்ல. நெல் இன்னும் சரியாகக் காயவில்லை என்று வாப்பா சொன்னதால் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த வீட்டு மாமியின் மகன் ஆறாம் வகுப்பு. அவன் சதுரங்கப் பலகையைக் கொண்டுவந்தான். இரண்டு தடவை தோற்ற பிறகு, இனித் தோற்க விருப்பமில்லாமல், நான் அந்தப் பழைய கதையைத் தொடங்கினேன்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவரிடம் அரசன் என்ன வேண்டும் என்று கேட்கிறான். முதல் கட்டத்துக்கு ஒரு தானியம், இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு, இப்படி 64 கட்டத்துக்கும் தந்தால் போதும் என்கிறார். அரசன் சிரிக்கிறான். கேரளத்தில் இதே கதையை அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயிலோடு சேர்த்துச் சொல்வார்கள். அங்கே கேட்பது அரிசி. அரபு எழுத்தில் இதை விரிவாகச் சொன்னவர்களுள் ஒருவர் 1282இல் மறைந்த இப்னு கல்லிக்கான். அறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த தமது பெருநூலில், அஸ்ஸூலி என்ற சதுரங்க வல்லுநரைப் பற்றி எழுதும் இடத்தில் இதைச் சொல்கிறார். அதில் கேட்டவர் பெயர் ஸிஸ்ஸா, அரசன் பெயர் ஷிஹ்ராம், நாடு இந்தியா.

இப்னு கல்லிக்கானிடம் எனக்குப் பிடித்த விடயம், அவர் முதலில் இந்தக் கதையை நம்பவில்லை என்பது. அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த ஒரு கணக்கர் தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் நம்பினார். அந்தக் கணக்கர் தானியத்தை எண்ணிக்கொண்டே போகவில்லை. ஒரு கட்டத்தில் தானியங்களை ஓர் அளவுப் பாத்திரமாக மாற்றினார். பிறகு பாத்திரங்களைக் களஞ்சியமாகவும் களஞ்சியங்களை நகரமாகவும் மாற்றினார். கடைசிக் கட்டத்துக்கு 16,384 நகரங்கள் தேவைப்பட்டன.

பையனும் நம்பவில்லை. "பொய்க் கதை" என்றான். ஆகவே நாங்களும் அலெக்ஸாந்திரியாக் கணக்கரைப் போலவே தொடங்கினோம். பத்துப் பத்தாகக் கூட்டி ஆயிரம் நெல் எண்ணினோம். அரை மணித்தியாலம் போனது; இடையில் கோழி ஒன்று வந்து முப்பதளவில் கொத்திப் போனதால் ஒரு குவியலை மறுபடி எண்ண நேர்ந்தது. மாதிரி நெல் நிறுக்க வாப்பா வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசில் ஆயிரம் நெல் 25 கிராம் காட்டியது. ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. அப்படியானால் ஒரு புசலில் எட்டு இலட்சத்துக்கு மேல் நெல்மணிகள். பழைய தமிழ் முகத்தல் அளவையும் நெல்லை எண்ணித்தான் தொடங்குகிறது: 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. நாங்கள் முற்றத்தில் செய்தது அந்தப் பழைய வேலையைத்தான்.

21ஆம் கட்டத்தில் 10,48,576 நெல். அதாவது 26 கிலோ, ஒரு புசலுக்குக் கொஞ்சம் மேல். "இவ்வளவுதானா?" என்றான் பையன். மூன்றில் ஒரு பங்குப் பலகை முடிந்தும் ஒரு மூட்டைகூட நிரம்பவில்லை. அரசன் ஏமாந்தது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆனால் 30ஆம் கட்டத்துக்கு 13 தொன்னுக்கு மேல் வேண்டும். வாசலில் நின்ற வாப்பாவின் 10 தொன் லொறி அதற்குப் போதாது. பையன் லொறியைத் திரும்பிப் பார்த்தான். இன்னும் 34 கட்டங்கள் இருந்தன.

மொத்தம் எவ்வளவு என்று அவன் கேட்டான். என் கல்குலேட்டர் 1.844674407 என்று காட்டி, மிகுதியை 10இன் 19ஆம் அடுக்குக்குள் ஒளித்துக்கொண்டது. பையனுக்கு அது பிடிக்கவில்லை. கடைசி நெல் வரை வேண்டும் என்றான்.

அதற்கு ஒரு குறுக்குவழியை ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே அல்பிறூனி காட்டியிருக்கிறார். குவாரிஸ்மில் 973இல் பிறந்தவர். பிற்காலத்தில் சமஸ்கிருதம் கற்று இந்தியாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அதே அறிஞர். கி.பி. 1000 அளவில் எழுதிய 'அல்ஆஸாருல் பாக்கியா' என்ற நூலில் இந்தச் சதுரங்கக் கணக்கைச் செய்கிறார். 64 தடவை இரட்டிக்கத் தேவையில்லை. ஐந்தாம் கட்டத்தில் 16. அது முதற்கட்டத்திலிருந்து நான்கு கட்டம் தள்ளி இருக்கிறது. 16ஐ 16ஆல் பெருக்கினால் இன்னும் நான்கு கட்டம் தள்ளி, ஒன்பதாம் கட்டத்துக்குரிய 256 வந்துவிடும். 256இன் வர்க்கம் 65,536. அது 17ஆம் கட்டம். அதன் வர்க்கம் 4,294,967,296. அது 33ஆம் கட்டம். அதையும் ஒருமுறை வர்க்கித்தால் பலகையில் இல்லாத 65ஆம் கட்டம் வரும். அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் முழுப் பலகையின் தொகை.

நான்கே பெருக்கல்கள். முதல் மூன்றும் இலகு. கடைசிப் பெருக்கலை நெல் எழுதும் துண்டின் பின்பக்கத்தில் செய்து மூன்று தடவை பிழைத்தேன். நாலாம் தடவை வந்தது:

18,446,744,073,709,551,615.

இருபது இலக்கங்கள். கோடியில் வாசித்தால், ஒரு இலட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, அதற்கு மேலும் மிச்சம். எங்கள் நெல்லின் நிறைப்படி 46,000 கோடி தொன். உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் விளையும் நெல் ஏறத்தாழ 80 கோடி தொன். ஆகவே 570 வருடத்துக்கு மேற்பட்ட விளைச்சல். நல்ல வருடமொன்றில் இலங்கையில் 45 இலட்சம் தொன் விளைவதாக வைத்தால், எமது நாடு மட்டும் கொடுத்துத் தீர்க்க ஒரு இலட்சம் வருடம் வேண்டும்.

இவ்வளவோடு நிறுத்தினால் அது வெறும் பெரிய எண். பெரிய எண்ணைக் கண்டு வாய் பிளப்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. எனக்குப் பிடித்தது அதன் உள்ளே இருக்கும் ஒழுங்கு. பலகையைப் பார்த்தாலே அதைக் காணலாம். முதல் வரிசை எட்டுக் கட்டங்களின் தொகை 255. இரண்டாம் வரிசை அதன் 256 மடங்கு. மூன்றாவது, அந்த இரண்டாவதன் 256 மடங்கு. ஆக எட்டு வரிசைகளும் 255இன் மடங்குகள், மொத்தமும் அப்படியே. 255 என்பது 3, 5, 17 ஆகியவற்றின் பெருக்கம். எனவே இந்த நெல்லை மூன்று பேருக்கோ ஐந்து பேருக்கோ பதினேழு பேருக்கோ ஒரு மணி மிஞ்சாமல் பங்கிடலாம்.

ஏழு பேருக்கு? கட்டங்களை மும்மூன்றாகப் பிடியுங்கள். 1, 2, 4 சேர்ந்தால் 7. அடுத்த மூன்றும் 8, 16, 32. சேர்ந்தால் 56, அதுவும் ஏழால் வகுபடும். இப்படி 21 கூட்டங்கள் மீதியில்லாமல் போய், 64ஆம் கட்டம் மட்டும் தனியே நிற்கும். அதை ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. அத்தனை கோடி கோடியில் ஒரே ஒரு நெல் மிஞ்சும். பையன் இதை நம்புவதற்குள் முதல் நான்கு கூட்டங்களைத் தானே கூட்டி வகுத்துப் பார்த்தான். நல்ல பையன்.

இன்னும் உள்ளே போனால், பத்தாம் வகுப்பில் படித்த இரு வர்க்கங்களின் வித்தியாசம்தான் திறவுகோல். திரும்பத் திரும்ப அதைப் பிரயோகித்தால் இந்த எண் 3, 5, 17, 257, 65,537, 4,294,967,297 என்று ஆறு எண்களின் பெருக்கமாகப் பிரிகிறது. இவை பெர்மா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் எண்கள். இந்த வகை எண்கள் எல்லாமே முதன்மை எண்கள் என்று அவர் பதினேழாம் நூற்றாண்டில் நம்பினார். முதல் ஐந்தும் அப்படித்தான். ஆறாவதை 1732இல் ஒய்லர் உடைத்துக் காட்டினார்: 641 பெருக்கல் 6,700,417. ஆக ஸிஸ்ஸாவின் நெல்லில் ஏழு வெவ்வேறு முதன்மைக் காரணிகள் இருக்கின்றன. ஒன்றும் இரண்டாம் தடவை வராது. அதனால் 128 காரணிகள். எட்டாவது கட்டத்தில் எங்கள் நெல் வழிந்ததும் 128இல்தான். அதில் பொருள் எதுவும் இல்லை, ஆனாலும் பையனுக்கு அது மிகவும் பிடித்துப் போனது.

இவற்றையெல்லாம் விட எளிமையான ஒரு பண்பு இந்தப் பலகையில் உண்டு. எந்தக் கட்டத்தை எடுத்தாலும், அதற்கு முன்னிருந்த கட்டங்கள் எல்லாவற்றின் கூட்டுத்தொகையைவிட அதில் ஒன்று கூடுதலாக இருக்கும். 1, 2, 4 சேர்ந்தால் 7, அடுத்தது 8. அல்பிறூனி ஒன்றைக் கழித்ததும் இதனால்தான். இதை நான் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சுளகில் நெல் புடைத்துக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப கடைசிக் கட்டம் மட்டும் பாதிக்கு மேல எண்டு சொல்லுங்கோ."

ஆம் என்றேன். சுளகை வைத்துவிட்டு உள்ளே போனவர் இரண்டு சின்னப் புத்தகங்களோடு வந்தார். நுண்கடன் புத்தகங்கள். நிறுவனங்களின் பெயர் இங்கே வேண்டாம். முதலில் கோழிக்கூட்டுக்காக 40,000 ரூபா. தவணை கட்ட முடியாமல் போனபோது, அதை மூடி மிகுதியைக் கையில் தருவதாகச் சொல்லி 80,000. அதையும் மூடுவதற்காக வேறொரு நிறுவனத்தில் 160,000. இப்போது நாலாவதற்கும் வரச் சொல்கிறார்களாம்.

"இதுவும் உங்கட பலகை மாதிரித்தானே பிள்ளை?"

துண்டில் எழுதினேன். 40, 80, 160. முதல் இரண்டும் சேர்ந்து 120. மூன்றாவது அதைவிட 40 கூட. பலகையில் ஒரு நெல் கூடுகிறது. இங்கே முதற்கடன் எவ்வளவோ அவ்வளவு கூடுகிறது. பண்பு ஒன்றேதான். நாலாவது 320,000 ஆனால், அது முந்திய மூன்றையும் சேர்த்து விழுங்கி, மேலும் 40,000 கேட்கும். நான்கு கட்டம்தான், 64 அல்ல. என்றாலும் அந்த வீட்டுக்கு நான்காம் கட்டமே லொறியில் ஏற்ற முடியாத பாரம்.

மாமி துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "கார்த்திகையில நானாட்ட வாங்கின ஐம்பதையும் எழுதுங்கோ. அதையும் சேர்த்தாத்தானே கணக்குச் சரி."

நானா என்று அவர் சொன்னது என் வாப்பாவை. விதைப்புக் காலத்தில் பசளைக்கும் உழவுக்கும் வாப்பா முற்பணம் கொடுப்பது எனக்குத் தெரியும். உதவி என்றுதான் வீட்டில் அதைச் சொல்வோம். மாமியும் அப்படியே சொன்னார். நானா நெருக்கிற ஆளில்லை என்றார். ஆனால் கொப்பி என் மடியில்தான் இருந்தது. ஐம்பதினாயிரம் ரூபா, அறுவடை நாளின் விலையிலிருந்து கிலோவுக்கு 20 ரூபா குறைத்து நெல்லாக எடுப்பது. அன்று விலை 100. ஆகவே 80 ரூபாப்படி 625 கிலோ. அதன் உண்மைப் பெறுமதி 62,500. மூன்று மாதத்தில், ஒரு போகத்தில், நூற்றுக்கு 25. அதைப் பெருக்கல் விருத்தியாக எழுதினால் மூன்று போகத்தில் 1.95 மடங்கு. ஏறத்தாழ இரட்டிப்பு. அடுத்த கட்டம்.

அந்தக் கணக்கை நான் மாமிக்கு எழுதிக் காட்டவில்லை. துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இன்றுவரை அது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

திரும்பி வரும்போது மாங்குளம் தாண்டியதும் வாப்பாவிடம் சொன்னேன். "அது வட்டி இல்ல மகள், விலை" என்றார். முற்பணம் கொடுத்துப் பொருளைப் பிறகு பெறும் ஸலம் வியாபாரத்தை மார்க்கம் அனுமதிக்கிறதே என்றும் சொன்னார். உண்மைதான். ஆனால் ஸலம் என்றால் விலை முழுவதையும் முதலிலேயே கொடுக்க வேண்டும். என்ன பொருள், எந்தத் தரம், எவ்வளவு நிறை, எந்த நாள் என்பதையும் அப்போதே பேசி முடிவுசெய்திருக்க வேண்டும் என்று இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறேன். "கொப்பியில் கிலோ இல்லையே வாப்பா. ரூபாதானே இருக்கு" என்றேன். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளல்ல. நான் சொன்னது கணக்கில் விடுபட்டிருந்த ஒரு நிரலைப் பற்றி மட்டும்.

வாப்பாவுக்கும் அவருடைய நியாயங்கள் இருந்தன. ஆலை பணம் தர ஒரு மாதம் ஆகிறது. வெள்ளம் வந்த வருடம் கொடுத்த முற்பணம் ஒன்றுமே திரும்பவில்லை. அவர் யாரிடமும் கேட்கவும் இல்லை. லொறியின் டயர் விலை எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. அதன் பிறகு ஓமந்தை வரை ஒன்றும் பேசவில்லை. ஓமந்தையில் தேநீருக்கு நிறுத்தியபோது, "மூணு போகத்திலயா?" என்று மட்டும் கேட்டார். துண்டைக் கொடுத்தேன். 1.25ஐ மூன்று தடவை பெருக்கியிருந்ததை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். மறுபக்கத்தில் இருபது இலக்க எண் இருந்தது. "இது என்ன?" என்றார். பலகை நெல் என்றேன்.

அன்றிரவு வீட்டில் நான் இன்னொரு கணக்குச் செய்து பார்த்தேன். அல்பகரா அத்தியாயத்தின் 261ஆம் வசனத்தில் ஒரு விதை உவமையாக வருகிறது. ஏழு கதிர், கதிருக்கு நூறு மணி. ஒன்று எழுநூறாகிறது. அறுவடை முழுவதையும் திரும்ப விதைத்தால் எத்தனை போகத்தில் ஸிஸ்ஸாவின் எண்ணைத் தாண்டும்? ஆறாம் போகத்தில் 117,649,000,000,000,000. போதாது. ஏழாம் போகத்தில் தாண்டிவிடும், அதுவும் நான்கு மடங்குக்கு மேல். 64 கட்டம் தேவையில்லை. அந்த உவமை இறைவழியில் செலவிடுவோரைப் பற்றியது. அதிலிருந்து பதினான்கு வசனம் தள்ளி, அதே அத்தியாயத்தில், வட்டியைத் தடுக்கும் வசனங்கள் தொடங்குகின்றன. இரண்டும் பெருக்கத்தைப் பற்றியவை என்பதை நான் அதுவரை கவனித்ததில்லை.

இந்தக் கட்டுரையை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டிய பிறகே சஞ்சிகைக்குக் கொடுக்கிறேன். டயர் விலையையும் எழுதியிருக்கலாமே என்றார்.

இந்த வருடம் மாசியில் மறுபடியும் துணுக்காய் போனோம். மாமி நாலாவது கடனை எடுக்கவில்லை. மூன்றாவது இன்னும் முடியவும் இல்லை. வியாழக்கிழமைகளில் தவணை கட்டுகிறார். பையன் ஒரு நகர்வில் என் இராணியை எடுத்தான். வாப்பாவின் கொப்பியில் ஒரு நிரல் கூடியிருந்தது. மாமியின் பக்கத்தில் கார்த்திகைத் திகதியிட்டு, 500 கிலோ, கிலோ 100 ரூபா, தொகை 50,000 என்று வாப்பாவின் கையெழுத்தில் இருந்தது. நாங்கள் போன அன்று நெல் விலை 92.

பத்து மூட்டை நிறுத்து ஏற்றினார்கள். வாப்பா ஒரு பிடி நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, நல்லாக் காஞ்சிருக்கு என்றார். பிறகு பென்சிலை என்னிடம் தந்து, "கூட்டிப் பாருங்க மகள்" என்றார். கூட்டினேன். 500 சரியாக இருந்தது.